ரிமோட்டைக் கீழே வைத்தோம். கையில் எடுத்தது என்ன?

(திண்டுக்கல்லில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வியாபார நேரத்தில் கடையை வேறொருவர் பொறுப்பில் விட்டுவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களுக்கும், விடுமுறை நாளை இந்தக் கூட்டத்திற்காக ஒதுக்கிய இளைஞர்களுக்கும் முதலில் என் நன்றி. உங்கள் நேரத்தை நான் வீணாக்க விரும்பவில்லை. ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நம் வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி ஓய்ந்துபோய்விட்டது. அந்த இடத்தில் கைபேசி வந்து உட்கார்ந்துவிட்டது. எதைப் பார்ப்பது, எதைப் பிறருக்கு அனுப்புவது என்ற அதிகாரம் இன்று நம் விரலுக்கு வந்திருக்கிறது. அந்த அதிகாரத்தை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம்? இதுதான் கேள்வி.

அன்று யாரோ தேர்ந்தெடுத்தார்கள்

இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15ஆம் நாள். நம் பக்கத்து ஊர்களில் தெளிவாகப் படம் தெரிய, கொடைக்கானல் மலையில் ஒளிபரப்புக் கோபுரம் வரவேண்டியிருந்தது. தெருவுக்கு ஒரு வீட்டில் பெட்டி இருக்கும். வெள்ளிக்கிழமை இரவு அந்த வீட்டுத் திண்ணையில் இடம் பிடிக்கச் சண்டை நடக்கும். 1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி வந்தது. கேபிள் கம்பி நம் மாடிகளின் மேல் ஓடியது. 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால் குடிசைகளுக்கும் பெட்டி போய்ச் சேர்ந்தது.

அந்தக் காலம் முழுவதும் நாம் ஒரு குறையைச் சொல்லிக்கொண்டிருந்தோம். 'எதைக் காட்டுவது என்று எங்கோ உட்கார்ந்திருக்கும் நாலு பேர் முடிவு செய்கிறார்கள். கடத்தல்காரன் என்றால் அவனுக்கு நம் பெயர், குண்டு வைப்பவன் என்றால் அவனுக்கு நம் தொப்பி' என்றோம். மனுக் கொடுத்தோம், கண்டனக் கூட்டம் போட்டோம். பிறகு, ரமளான் மாதத்தில் சஹர் நேரத்தைத் தனியார் தொலைக்காட்சிகளில் விலைக்கு வாங்கி, நம் அமைப்புகள் நிகழ்ச்சி நடத்தின. ஒரு மணி நேரம் பேசுவதற்கு ஊர் ஊராக வசூல் செய்ய வேண்டியிருந்தது. அந்த ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம்.

நம் குறை பொய்யல்ல. 2020 செப்டம்பர் 15ஆம் நாள், இந்திய ஆட்சிப் பணித் தேர்வில் முஸ்லிம்கள் 'ஊடுருவுவதாக'ச் சித்தரித்த சுதர்சன் தொலைக்காட்சியின் நிகழ்ச்சித் தொடரில் மீதமிருந்த பகுதிகளை ஒளிபரப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. ஆகவே தொலைக்காட்சியை விட்டு வெளியேறியதில் நமக்கு வருத்தம் இல்லை. வெளியேறி எங்கே போய்ச் சேர்ந்தோம் என்பதுதான் கவலை.

கேசட் காலத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது

தொலைக்காட்சி நமக்கு இடம் தராத அந்த நாட்களில் நாம் சும்மா இருக்கவில்லை. ஒலி கேசட்டுகளும் வீடியோ கேசட்டுகளும் கைமாறின. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து அஹ்மத் தீதாத்தின் விவாதங்கள் வீடியோ கேசட்டுகளாக உலகம் முழுவதும் போயின. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர்களின் பெட்டிகளில் அவை நம் ஊருக்கும் வந்தன. தமிழ் பயான் கேசட்டுகளை நகல் எடுத்து இளைஞர்கள் இலவசமாகக் கொடுத்தார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் தம் கடையின் ஒரு தட்டில் கேசட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. யார் எடுத்துப் போனார், எப்போது திருப்பித் தந்தார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார். ஒரு கேசட்டைத் தட்டில் வைப்பதற்கு முன்பு இரண்டு பக்கமும் முழுதாகக் கேட்டுவிடுவார். ஒருநாள் நான் ஒரு புதுக் கேசட்டைக் கேட்டேன். "இன்னும் நான் கேக்கல தம்பி, நாளைக்கு வா" என்று சொல்லிவிட்டார். கேட்காததைக் கொடுக்கமாட்டேன் என்பது அவருடைய கொள்கை. இருபது, முப்பது கேசட்டுக்கு அவர் காட்டிய பொறுப்பை, இன்று ஆயிரம் பேருக்கு அனுப்பும் நாம் காட்டுகிறோமா?

பெட்டி மாறியது, தேர்ந்தெடுப்பவர் மாறினாரா?

யூடியூப் 2005இல் தொடங்கியது. முதல் வீடியோ ஏறியது அந்த ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள். அது வெறும் 19 விநாடி. அடுத்த ஆண்டே கூகுள் நிறுவனம் அதை 165 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. நம் நாட்டில் 2016 செப்டம்பர் 5ஆம் நாள் ஜியோ வந்து முதல் சில மாதங்கள் இணையத்தை இலவசமாகவே கொடுத்தது. அதுவரை ஒரு வீடியோ பார்க்க யோசித்தவர்கள், அதற்குப் பிறகு இரவு ஒரு மணி வரை பார்க்கிறார்கள்.

இனி எல்லாம் நம் விருப்பம் என்று நினைத்தோம். உண்மை என்ன? யூடியூபில் மக்கள் செலவிடும் நேரத்தில் 70 விழுக்காட்டுக்கும் மேல், அந்த இயந்திரமே பரிந்துரைக்கும் வீடியோக்களில்தான் போகிறது என்று, அப்போது அந்நிறுவனத்தின் உயர் பொறுப்பில் இருந்த நீல் மோகன் 2018 ஜனவரியில் சொன்னார். அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். நாம் கவலையோடு கேட்க வேண்டும். ஒரு வீடியோவைத் தேடிப் போகிறோம். அது முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது. எது நம்மை நகரவிடாமல் உட்கார வைக்குமோ அதை அந்த இயந்திரம் எடுத்து முன்னால் வைக்கிறது. நமக்குக் கோபம் வந்தால் இன்னும் கோபம் வருவதை வைக்கும். பயந்தால் இன்னும் பயம் வருவதை வைக்கும். அன்று நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்த நாலு பேருக்கு முகமாவது இருந்தது, மனுக் கொடுக்க முகவரியாவது இருந்தது. இன்று தேர்ந்தெடுப்பவருக்கு அதுவும் இல்லை.

சகோதரர்களே! ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டோம் என்பதாலேயே நாம் தொலைக்காட்சியை விட்டுவிட்டதாக ஆகாது. நாமே தேடி, நாமே முழுதாகப் பார்த்து, நாமே பொறுக்கி எடுத்து, பொறுப்போடு பிறருக்குக் கொடுக்கும் நாளில்தான் அதை விட்டவர்கள் ஆவோம்.

என்னுடைய தவறு ஒன்று

பிறரைச் சொல்வதற்கு முன் என்னைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து தேநீர் குடிக்க உட்கார்ந்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. பள்ளிவாசலுக்கு வெளியே இளைஞர்களைக் காவலர்கள் ஓட ஓட அடிக்கிறார்கள். வட மாநிலம் ஒன்றில் முந்தைய நாள் இரவு நடந்தது என்று கீழே எழுதியிருந்தது. என் இரத்தம் கொதித்தது. தேநீர் ஆறுவதற்குள் பதினோரு குழுக்களுக்கு அனுப்பிவிட்டேன்.

மாலையில், செல்போன் பழுது பார்க்கும் ஒரு தம்பி என்னைத் தேடி வந்தார். "பாய், பின்னால தெரியிற கடைப் பலகையைப் பாருங்க. இது நம்ம நாட்டு எழுத்தே இல்ல" என்றார். படத்தை நிறுத்திப் பெரிதாக்கிக் காட்டினார். அதே வீடியோ பல ஆண்டுகளுக்கு முன்பே இணையத்தில் ஏறியிருந்ததையும் தேடி எடுத்துக் காட்டினார். அழிக்கப் பார்த்தேன். நேரம் கடந்துவிட்டது. 'நான் அனுப்பியது தவறு' என்று பதினோரு குழுக்களுக்கும் எழுதினேன். வீடியோவைப் பார்த்தவர்களில் பாதிப் பேர்கூட அந்தத் திருத்தத்தைப் படிக்கவில்லை.

அதைவிட வேதனை, ஒரு வாரம் கழித்து நடந்தது. வெங்காய மண்டியில் இருபது ஆண்டாக என்னோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் ஓர் இந்து நண்பர் என்னிடம் தன் செல்போனைக் காட்டினார். அதே வீடியோ. "இது நீங்க அனுப்பினதுதானே பாய்? பொய்யின்னு என் மகன் சொன்னான். நாளைக்கு உண்மையாவே உங்களுக்கு ஒண்ணு நடந்து, நீங்க வீடியோ அனுப்பினா நான் எப்படி நம்புறது?" என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. வருத்தமாகத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

வணிகர்களே! கடை வீதியில் 'நாணயம்' என்று ஒரு சொல் சொல்கிறோம். பணம் இல்லாதவனுக்கும் சரக்குக் கிடைக்கும். நாணயம் இல்லாதவனுக்குக் கிடைக்காது. அந்த நாணயத்தில் ஒரு பகுதியை அன்று காலை, ஒரு விரல் தட்டலில் நான் இழந்துவிட்டேன்.

பொய்யின் விலையை நாம் அறிவோம்

பொய் வீடியோவின் விலையை நம்மைவிட யார் அறிவார்? 2020 ஏப்ரலை எண்ணிப் பாருங்கள். ஊரடங்கில் தெருக்கள் அடைந்து கிடந்தன. தில்லியில் நடந்த தப்லீக் மாநாட்டைக் காரணமாக வைத்து, நோயையே நம் பெயரில் எழுதினார்கள். அப்போது மத்தியப் பிரதேசத்தின் ராய்சென் பகுதியில் ஒரு முதிய பழ வியாபாரி, விரலை எச்சில் தொட்டுப் பழங்களை அடுக்கும் வீடியோ நாடு முழுவதும் பரவியது. நோயைப் பரப்புகிறார் என்றார்கள். அது பிப்ரவரி மாதமே எடுக்கப்பட்ட பழைய வீடியோ. அவர் மனநலம் பாதிக்கப்பட்டவர் என்று குடும்பத்தார் கூறினார்கள். ஆனால் அந்த வீடியோவையும் அது போன்றவற்றையும் நம்பி, தள்ளுவண்டிக்காரர்களிடம் பெயரைக் கேட்டுத் துரத்திய ஊர்கள் உண்டு. தலையில் கூடை சுமந்து விற்றவர் வெறுங்கையோடு வீடு திரும்பினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் நாள், மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, 29 வெளிநாட்டுத் தப்லீக் உறுப்பினர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அச்சு ஊடகத்திலும் தொலைக்காட்சியிலும் அவர்களுக்கு எதிராகப் பெரும் பிரச்சாரம் நடந்ததையும் அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதையும் தன் தீர்ப்பில் குறிப்பிட்டது. தீர்ப்பு வந்தது. ஆனால் ஏப்ரலில் அழுகிப்போன பழத்திற்கு யார் விலை கொடுத்தார்?

இது நமக்கு மட்டும் நேரும் கொடுமை என்று நினைத்துவிடாதீர்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோவிலுக்குப் போக வழிகேட்டு வந்த சென்னைக் குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று சந்தேகித்துக் கூட்டம் தாக்கியது. சிறுவர்களுக்கு அவர்கள் மிட்டாய் கொடுத்ததே சந்தேகத்திற்குக் காரணம். ஒரு மூதாட்டி உயிரிழந்தார். அந்த நாட்களில் நாடு முழுவதும் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, இரு சக்கர வாகனத்தில் வருபவர்கள் குழந்தையைத் தூக்கிச் செல்வதைக் காட்டியது. அது கராச்சியில் ஒரு குழந்தைகள் நல அமைப்பு விழிப்புணர்வுக்காக எடுத்த படம். குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பிள்ளைகளைக் கவனமாகப் பாருங்கள் என்று அட்டையைக் காட்டுவதுதான் அதன் முடிவு. அந்த முடிவை மட்டும் யாரோ வெட்டி எறிந்துவிட்டார்கள். முழுதாகப் பார்த்தால் அறிவுரை, வெட்டிப் பார்த்தால் கொலைக் கருவி! அந்த ஆண்டு ஜூலையில்தான், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் கிளம்பின. சம்பந்தமில்லாத பழைய சம்பவங்களுக்குப் புதிய பெயர் சூட்டி அனுப்பினார்கள். பயந்துபோன தொழிலாளர்கள் ஊருக்கு ரயில் ஏறினார்கள். அவை பொய் என்று தமிழகக் காவல்துறை அறிவித்தது. பீகாரைச் சேர்ந்த யூடியூபர் ஒருவர் கைதானார். வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளைத் தெரிந்தவர்களுக்கு, வெளிமாநிலத் தொழிலாளி பயந்து போனால் ஒரு ஊரின் பிழைப்பு என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அங்கே பலியானவர் முஸ்லிம் அல்ல. இங்கே பலியானவர் தமிழர் அல்ல. ஆனால் கத்தி ஒன்றுதான். நமக்கு எதிராக வரும்போது மட்டும் 'பொய்' என்று கொதித்துவிட்டு, நமக்குச் சாதகமாக வரும்போது கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினால், நம் கொதிப்பில் நேர்மை எங்கே இருக்கிறது?

"நான் வெறுமனே அனுப்பினேன்" என்பது செல்லாது

"நான் எடுத்த வீடியோவா? வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதான்" என்று பலர் சொல்கிறார்கள். சட்டம் அதை ஏற்கவில்லை. நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான எஸ்.வி. சேகர், 2018இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை முகநூலில் பகிர்ந்தார். பிறர் எழுதியதைப் படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார், நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. பகிர்ந்த செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு போன்றது, அதன் விளைவுக்கு அனுப்பியவரே பொறுப்பு என்பது தீர்ப்பின் கருத்து. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. 2024 பிப்ரவரியில் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. செல்வாக்குள்ள ஒருவருக்கே இந்த நிலை என்றால், பழக்கடைத் தம்பிக்கு என்ன நேரும்? பாரதிய நியாய சன்ஹிதாவின் 196, 353 ஆகிய பிரிவுகள், பகையை மூட்டும் செய்தியையும் பொய் வதந்தியையும் பரப்புவோரைத் தண்டிக்க இருக்கின்றன. அவை எடுத்தவருக்கு மட்டுமல்ல, பரப்பியவருக்கும்தான்.

நம்மிடம் இருக்கும் கலை

ஆராய்ந்து பார்ப்பது நமக்குப் புதிதல்ல. செய்தி கொண்டு வருபவனை நம்பி அறியாமல் ஒரு கூட்டத்திற்குத் தீங்கு செய்துவிடாமல், தெளிவுபடுத்திக்கொள்ளும்படி அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் எச்சரிக்கிறது. ஹதீஸைத் தொகுத்த அறிஞர்கள் ஒரு செய்தியைக் கேட்டதும் எழுதிக்கொள்ளவில்லை. யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார், இருவரும் சந்தித்தது உண்டா, அவர் நினைவாற்றல் எப்படி என்று அறிவிப்பாளர் வரிசையின் ஒவ்வொரு கண்ணியையும் சோதித்தார்கள். ஒரு கண்ணி அறுந்திருந்தால், கருத்து எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் 'பலவீனமானது' என்று ஒதுக்கி வைத்தார்கள். இன்று மேடையில் ஒருவர் ஹதீஸ் சொன்னால், 'எந்த நூல், என்ன எண்?' என்று நம் இளைஞர்கள் எழுந்து கேட்கிறார்கள். பாராட்டுகிறேன். அதே இளைஞர் கைபேசியில் வந்த வீடியோவிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிறாரா? வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு ஒரு வீடியோ வந்தால், அது பல கை மாறி வந்தது என்று பொருள். அதாவது அறிவிப்பாளர் யார் என்றே தெரியாத செய்தி!

வணிகர்களுக்கும் இந்தக் கலை உண்டு. மண்டியில் மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டுப் பார்க்காமல் வெங்காயம் எடுப்பீர்களா? தோல் ஷாப்பில் வேலை பார்த்த நம் பெரியவர்கள் ஒவ்வொரு தோலையும் விரித்துத் தடவிப் பார்த்துத் தரம் பிரித்தார்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, எதற்காக? எங்கே செய்தது, எப்படிச் செய்தது என்று சொல்ல முடிகிற பொருள் என்பதற்காகத்தான். வீடியோவுக்கும் அதுதான் தேவை. எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, யார் எடுத்தது?

செய்ய வேண்டியவை

முதலாவது, முழுதாகப் பார்க்காத வீடியோவை அனுப்பாதீர்கள். கராச்சி வீடியோவின் வெட்டப்பட்ட முடிவை மறக்காதீர்கள்.

இரண்டாவது, வீடியோவை இறக்கி அனுப்பாமல் லிங்க்கை அனுப்புங்கள். லிங்க்கைத் தட்டினால் ஏற்றியவர் பெயர், ஏற்றிய தேதி, முழு நீளம் எல்லாம் தெரியும். ஏற்றியவர் திருத்தினாலோ நீக்கினாலோ அதுவும் தெரியும். இறக்கி அனுப்பும்போது இவை எல்லாம் உதிர்ந்துவிடுகின்றன. வாங்குபவரின் செல்போன் இடமும் நிறைந்துவிடுகிறது.

மூன்றாவது, சந்தேகம் இருந்தால் ஒரு காட்சியைப் படமாகப் பிடித்து கூகுள் லென்ஸில் தேடுங்கள். பழைய வீடியோ என்றால் பெரும்பாலும் அங்கேயே சாயம் வெளுத்துவிடும். கடைப் பலகை, வாகன எண், காவலர் சீருடை, பேசும் மொழி இவற்றைக் கவனியுங்கள். ஆல்ட் நியூஸ், தமிழில் யூடர்ன், 2023இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம் ஆகியவற்றில் பாருங்கள். இன்று செயற்கை நுண்ணறிவு, பேசாதவர் பேசியதாகவும் வீடியோ செய்துவிடுகிறது. ஆகவே கண்ணால் கண்டேன் என்பது மட்டும் போதாது.

நான்காவது, அனுப்பும்போது உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு வரி எழுதுங்கள். இது எதைப் பற்றியது, யாருக்குப் பயன்படும், எத்தனை நிமிடம்? இரண்டு வரி எழுத முடியவில்லை என்றால், அது அனுப்பத் தகுந்தது அல்ல. நாளுக்குப் பத்து அனுப்புபவரை யாரும் பார்ப்பதில்லை. வாரத்திற்கு இரண்டு அனுப்புபவரை எல்லாரும் பார்ப்பார்கள்.

ஐந்தாவது, தவறாக அனுப்பிவிட்டால் அனுப்பிய அத்தனை இடத்திலும் திருத்தம் போடுங்கள். வெட்கப்படாதீர்கள். கெட்டுப்போன சரக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் கடைக்குத்தான் வாடிக்கையாளர் மறுபடி வருவார்.

"அநியாயத்தை உலகுக்குச் சொல்ல வேண்டாமா?"

ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார்: "நம்மீது நடக்கும் அநியாயத்தைத் தொலைக்காட்சி காட்டாது. நாமும் அனுப்பக் கூடாது என்றால் யார்தான் சொல்வது?" நியாயமான கேள்வி. நான் வாயை மூடச் சொல்லவில்லை. சாட்சி சொல்வது போலச் சொல்லுங்கள் என்கிறேன். உங்கள் கண் முன் ஏதாவது நடந்து நீங்கள் பதிவு செய்தால், முதலில் அந்த அசல் பதிவையும் அந்தச் செல்போனையும் பத்திரப்படுத்துங்கள். 2020 ஜூலை 14இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: அசல் கருவியையே நீதிமன்றத்தில் ஒப்படைக்காவிட்டால், மின்னணு நகலுக்குச் சட்டப்படியான சான்றிதழ் கட்டாயம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவும் சான்றிதழ் கேட்கிறது. பாட்டுச் சேர்த்து, எழுத்து ஓட்டி, வெட்டி ஒட்டி ஆயிரம் பேருக்கு அனுப்பிவிட்டு அசலை அழித்துவிட்டால், கண்ணீர் வரும், நீதி வராது. வழக்கறிஞரிடமும் பொறுப்பாளர்களிடமும் அசலைக் காட்டுங்கள். பிறகு தேதி, இடம் குறிப்பிட்டு வெளியிடுங்கள். அடிபட்ட பெண்ணின், சிறுவனின் முகத்தைக் காட்டாதீர்கள். அவர்களுக்கும் மானம் உண்டு.

நல்லதைப் பொறுக்கி எடுங்கள்

கடைசியாக ஒன்று. பொய்யை நிறுத்துவது பாதி வேலைதான். நல்லதைத் தேடிக் கொடுப்பது மீதிப் பாதி. அமெரிக்காவில் வங்காளக் குடும்பத்தில் பிறந்த சல்மான் கான் என்ற இளைஞர், 2004இல் கணக்கில் திணறிய தன் உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைபேசியில் பாடம் சொல்லிக் கொடுத்தார். மற்ற உறவினர் பிள்ளைகளும் கேட்டார்கள். 2006இல் பாடங்களை யூடியூபில் ஏற்றினார். 2009இல் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இதற்கே வந்தார். இன்று கான் அகாடமியில் உலகமெங்கும் பிள்ளைகள் இலவசமாகப் படிக்கிறார்கள். ஒரு வீட்டுப் பிள்ளையின் தேவையைக் கண்டுகொண்டதுதான் தொடக்கம்.

நம் வீட்டுப் பிள்ளையின் தேவை என்ன? நம் நாட்டு ஐ.ஐ.டி.க்கள் 2003 முதல் என்பிடெல் என்ற பெயரில் பொறியியல் பாடங்களை இலவசமாக வைத்திருக்கின்றன. தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019இல் தொடங்கியது. அதன் பாடங்கள் யூடியூபிலும் உள்ளன. அங்கே கடல் போலக் கிடக்கிறது. பத்தாம் வகுப்புப் படிக்கும் பேகம்பூர்ப் பிள்ளைக்கு எந்தப் பாடம், எந்த வீடியோ என்று பொறுக்கிக் கொடுக்க ஆள் இல்லை. அதைக் கல்லூரி படிக்கும் தம்பிகளே செய்யலாம். யூடியூபிலேயே பட்டியல் தொகுக்கும் வசதி இருக்கிறது. ஒருவர் பத்தாம் வகுப்புக் கணக்குக்கு ஒரு பட்டியல் போடட்டும். ஒருவர் ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுவதற்குப் போடட்டும். ஒருவர் சர்க்கரை நோய்க்கு, உரிய மருத்துவர்கள் பேசியதை மட்டும் எடுத்துப் போடட்டும். ஒருவர் வக்ஃப், வாடகை, கைது நேர உரிமை என்று சட்டத்திற்குப் போடட்டும். பட்டியலுக்குப் பதினைந்து வீடியோ போதும். பதினைந்தையும் தொகுத்தவர் முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். அதுதான் ஒரே நிபந்தனை. அந்தப் பட்டியலின் லிங்க்கை நம் கடைகளில் அட்டையில் அச்சடித்துத் தொங்கவிடலாம். எல்லாச் சமுதாயத்து வாடிக்கையாளரும் எடுத்துக்கொள்ளட்டும். நம்மிடமிருந்து ஊருக்குப் போகும் வீடியோ, ஊர் நம்பி வாங்கும் வீடியோவாக இருக்கட்டும்.

கேசட் தட்டு வைத்திருந்த அந்தப் பெரியவர் இன்று நம்மோடு இல்லை. அல்லாஹ் அவருக்கு அருள் புரியட்டும். அவருடைய நோட்டுப் புத்தகத்தை அவர் மகனிடம் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் எண், பேச்சாளர் பெயர், தலைப்பு, கடைசிக் கட்டத்தில் 'கேட்டாச்சு' என்ற ஒரு சொல். சில வரிகளில் அந்தச் சொல் இல்லை. அந்தக் கேசட்டுகள் யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

சகோதரர்களே! வீட்டுக்குப் போனதும் உங்கள் கைபேசியைத் திறந்து, கடந்த ஒரு வாரத்தில் நீங்கள் பிறருக்கு அனுப்பிய வீடியோக்களை எண்ணிப் பாருங்கள். எத்தனைக்குப் பக்கத்தில் 'பார்த்தாச்சு' என்று உங்களால் எழுத முடியும்? அந்தக் கணக்கை இன்று இரவே போடுங்கள். நாளைக் காலையில் எதை அனுப்புவது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.